லைன்ல யாருப்பா?

ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். டிரங்க் கால் காலத்தில் அந்தத் தூரத்தைக் கடக்கக் குரலைவிட லாரிதான் வேகம். சிப்காட்டில் அசோக் லேலண்டு, டிவிஎஸ் எல்லாம் வந்த பிறகும், கால் புக் செய்துவிட்டு ரிசீவரையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவழியாக லைன் கிடைத்து, "சரக்கு வந்துச்சா சார்?" என்று ஆரம்பித்தால், நடுவே இன்னொரு குரல்: "மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?" எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர். யாருக்குக் கடன், எந்த வீட்டில் பெண் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதற்கு எந்த உள்துறைச் செயலாளரும் கையெழுத்துப் போடவில்லை.

அரசாங்கம் கேட்பதற்கு மட்டும் சட்டம் வேண்டும். இருக்கவே இருந்தது 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டம். காங்கிரஸ் கட்சிக்கும் அதே வயதுதான். 'பொது அவசரநிலை', 'பொதுப் பாதுகாப்பு' என்று சொல்லிவிட்டால் போதும், யார் பேச்சையும் ஒட்டுக்கேட்கலாம்.

1988-ல் எல்லை ஊரான அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், கூத்து நடந்தது. தேவகவுடாவும் அஜித் சிங்கும் போனில் பேசியது பத்திரிகையில் வந்துவிட்டது. ஒட்டுக்கேட்கப்பட்டவர்கள் என்று சுமார் 50 பேர் பட்டியல் நாடாளுமன்றத்துக்கும் போனது. முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டேயோ ஒழுக்க அரசியலுக்குப் பேர்போனவர். எனக்குத் தெரியாது என்றார். ஆகஸ்ட் 10-ல் பதவி விலகினார். அதற்கு முன்னும் இரண்டு முறை ராஜினாமா செய்து திரும்பி வந்தவர்தான். இந்த முறை நாற்காலியில் எஸ்.ஆர். பொம்மை உட்கார்ந்துவிட்டார்.

டெல்லி மட்டும் யோக்கியமா? 1986-ல் ராஜீவ் அரசு, கடிதங்களைப் பிரிக்கத் தாராள அதிகாரம் தரும் தபால் மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை, அப்படியே ஊறப்போட்டார். ஐந்தே வருஷம்: ராஜீவ் வீட்டு வாசலை இரண்டு ஹரியானா கான்ஸ்டபிள்கள் நோட்டம் பார்த்தார்கள் என்று காங்கிரஸ் கொதித்தது. பிரதமர் சந்திரசேகரின் ஆட்சியே போயிற்று.

1996-ல் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது: உத்தரவு உள்துறைச் செயலாளருடையதாக இருக்க வேண்டும், ஆயுள் இரண்டு மாதம், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னது 2017-ல். வழக்குப் போட்டவர் பெங்களூரு பெரியவர், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. 2023-ல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. பிரித்துப் பார்த்தால் அதே 'பொது அவசரநிலை', அதே 'பொதுப் பாதுகாப்பு'. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், குற்றத்தைத் துப்பறியவெல்லாம் தந்திச் சட்டத்தை வைத்து ஒட்டுக்கேட்கக் கூடாது என்றது. ஊழலும் பொதுப் பாதுகாப்பு விஷயமாகலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிச் சில நாள்தான் ஆகியிருந்தது.

எல்லையில் இருக்கும் ஜூஜூவாடியில் தமிழ்நாட்டு சிம்மோடு நிற்பவரின் போன், கர்நாடக டவரைப் பிடித்துக்கொண்டு 'வெல்கம்' சொல்கிறது. இரண்டு மாநிலத்திலும் உள்துறைச் செயலாளர் உண்டு. வேறு எந்த அரசுச் சேவைக்காவது அந்தப் போன்காரருக்கு இரண்டு கவுண்ட்டர் இருக்கிறதா?