கும்பிட்டால் கௌரவம், கொடி பிடித்தால் எஸ்மா

சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு தெருவில் நின்று அங்கன்வாடி டீச்சர் யாரென்று கேளுங்கள். பிள்ளைக்கு எடை பார்ப்பவர், கர்ப்பிணிக்கு முட்டையும் பாலும் எண்ணிக் கொடுப்பவர், நெட் கிடைக்காத கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துச் செயலியில் பதிவேற்றுபவர் என்பார்கள். அரசாங்கத்தைக் கேளுங்கள். ஊழியரே இல்லை என்பார்கள். கௌரவப் பணியாளராம். வாங்குவது சம்பளம் அல்ல, மதிப்பூதியமாம்.

மதிப்பு எவ்வளவு? 2023இல் ஆந்திராவில் டீச்சருக்கு மாதம் 11,500 ரூபாய். ஆயாவுக்கு 7,000. மீதி கௌரவம். மளிகைக் கடையில் அது செல்லாது.

2023 டிசம்பர் 12. மாநிலம் முழுக்க லட்சம் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது மாதம் 26,000 ரூபாயும் பணிக்கொடையும். பணிக்கொடை இவர்களுக்கு உண்டென்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று. அன்றைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டியும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: தெலங்கானாவைவிட ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தருவேன். அங்கே அப்போது 13,650. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அரசு பேசிப் பார்த்தது. படியவில்லை. கிராம, வார்டு செயலக ஊழியர்களை அனுப்பி அங்கன்வாடி மையங்களின் பூட்டை உடைத்தது. உள்ளே அரிசி இருந்தது, பருப்பு இருந்தது. எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்கிற விவரம் மட்டும் இல்லை. அது வெளியே சாமியானாவின் கீழ் உட்கார்ந்திருந்தது.

2024 ஜனவரி 6இல் எஸ்மா எனும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் வந்தது. ஆறு மாதத்துக்கு வேலைநிறுத்தம் கூடாது. ஒரே ஆணையில் கௌரவப் பணியாளர் அத்தியாவசியப் பணியாளர் ஆகிவிட்டார். பணிக்கொடை கேட்டபோது ஊழியர் இல்லை. கொடி பிடித்ததும் ஊழியர். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்குத் தண்டனைப் பட்டியலில் முதல் வரிசை.

அங்கன்வாடித் திட்டம் பிறந்தது 1975 அக்டோபர் 2. நாள் காந்தி ஜெயந்தி, காலம் நெருக்கடி நிலை. தொண்டு செய் என்பதற்குக் காந்தி, வாயை மூடு என்பதற்கு நெருக்கடி நிலை. ஜாதகமே அப்படி.

வேலையை நிறுத்தாதே என்பது புதிதல்ல. வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம் என்று தொழிற்சங்கமே எழுதிக் கொடுப்பதும் உண்டு. அமெரிக்காவில் அது ஒப்பந்தத்தின் வழக்கமான ஷரத்து. ஆனால் அங்கே அது கொடுக்கல் வாங்கல். சங்கம் வேலையை நிறுத்தாது. பதிலுக்கு நிர்வாகம் கூலியை எழுதித் தரும், தகராறு என்றால் நடுவர் முன் வந்து நிற்கும். எஸ்மாவில் பதிலுக்கு என்ன? ஜெயில். யாரும் போட்டுத் தராத ஒப்பந்தத்திலிருந்து ஒரே ஒரு ஷரத்து மட்டும் டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்தது.

அண்டை வீடும் யோக்கியம் இல்லை. 2003இல் தமிழ்நாடு, வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் பேரை வேலையைவிட்டுத் தூக்கியது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யத் தார்மீக உரிமைகூட இல்லை என்றது உச்ச நீதிமன்றம். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்போ, பாதிப் பேர் பேசிவைத்து ஒரே நாளில் விடுப்பு எடுத்தாலே வேலைநிறுத்தம் என்கிறது. அதே ஆண்டில் ஆலை வேலை நேரத்தைப் பத்து மணியாக்கியது ஆந்திரா. நீட்ட அவர்களுக்கு உரிமை உண்டு. நிறுத்த நமக்கு இல்லை.

42ஆம் நாள் இரவு அங்கன்வாடிப் போராட்டம் முடிந்தது. சம்பள உயர்வா? ஜூலையில் பார்க்கலாம் என்றார்கள். ஜனங்கள் ஜூன் தேர்தல் முடிவிலேயே பார்த்துவிட்டார்கள். 175 தொகுதியில் ஆளுங்கட்சிக்கு 11.

இனி அசல் வேலைநிறுத்தக்காரர்களைப் பார்ப்போம். குப்பம் எம்.எல்.ஏ. சந்திரபாபு நாயுடு, முதல்வராகத்தான் திரும்புவேன் என்று 2021 நவம்பரில் சட்டசபையைவிட்டு வெளியேறினார். எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்து தந்தால்தான் வருவேன் என்று இப்போது ஜெகன் அடம்பிடிக்கிறார். முன்னறிவிப்பு நோட்டீஸ் இல்லை, பூட்டு உடைப்பு இல்லை, எஸ்மா இல்லை. இதற்குப் பெயர் புறக்கணிப்பு.

நியாயம்தான். குப்பத்து டீச்சர் ஒரு நாள் வராவிட்டால் பிள்ளைக்கு முட்டை கிடையாது. அதனால் அவர் அத்தியாவசியம். எம்.எல்.ஏ. இரண்டு வருஷம் சபைக்கு வராவிட்டாலும் யார் வயிறும் காயாது. அவர்மீது எந்த அரசு எஸ்மா போடும்?