கார்டில் இல்லாத கன்னம்

சிவப்பழகு க்ரீம் விற்கும், அதற்கு விளம்பரம் எடுக்கும் பெருமக்களுக்கு,

திருவான்மியூரிலிருந்து ஒரு கன்னம் எழுதிக்கொள்வது. மிகவும் கீழேயுள்ள ஷேடிலிருந்து எழுதுகிறேன், எழுத்து சரியாகத் தெரியாவிட்டால் விளக்கைப் போட்டுக்கொள்ளவும்.

போன சனிக்கிழமை துவரம்பருப்பு வாங்கப் போனேன். பில் போடும் வரிசையில் நின்றபோது, சீருடை போட்ட ஒரு பெண் “ஆன்ட்டி, ஒரு நிமிஷம்” என்று ஓர் அட்டையை என் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தாள். புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் துணி பார்ப்போமே, அப்படி. அட்டையில் எட்டுக் கட்டம். முதல் கட்டம் ரசகுல்லா, எட்டாவது டிகாஷன் குறைந்த காபி. அவள் விரல் மேலிருந்து கீழே வந்தது, கீழேயே நின்றது. “கார்டுல நீங்க இல்லையே ஆன்ட்டி” என்றாள், நிஜமான வருத்தத்தோடு. பின்னால் நின்ற பெரியவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். “கடைசிக் கட்டத்துலயே வெச்சுக்கோம்மா, பரவால்ல” என்று சிபாரிசும் செய்தார்.

ரேஷன் கார்டில் இருக்கிறேன். பான் கார்டில் இருக்கிறேன். ஆதார் கார்டிலும் இருக்கிறேன். அதில் மொத்த இந்தியாவும் என் ஷேடுதான், அந்தச் சமத்துவத்துக்கு அரசாங்கத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம். உங்கள் கார்டில் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. பெயர் சேர்க்க எந்தப் படிவம்?

உங்கள் சேவை லேசுப்பட்டதா? 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. படிப்பு, பரீட்சை, இன்டர்வியூ என்று நாங்கள் அலைந்த அலைச்சலையெல்லாம் பிறகு ஒரு டியூபுக்குள் அடைத்துவிட்டீர்கள். மகன் இல்லையே என்று அப்பா புலம்புவார், மகள் க்ரீம் பூசுவாள், விமானப் பணிப்பெண் ஆகிவிடுவாள். ஜனநாயக மாதர் சங்கத்துக்கு ரசனை போதாது. புகார் கொடுத்து, 2003-ல் அந்த விளம்பரம் நின்றது. 2014-ல் விளம்பரத் தரக் கவுன்சில், கறுப்பாக இருப்பவர்களைச் சோகமாகக் காட்டக் கூடாது என்றது. சொல் தட்டாத பிள்ளைகள் நீங்கள்: இப்போது விளம்பரத்துக் கறுத்த பெண் அழுவதில்லை. அவள் மேல் வெளிச்சம் விழுவதில்லை, அவ்வளவுதான். 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்கு உலகமே கொதித்தபோது பெயரிலிருந்த ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. சனிக்கிழமை அட்டை வேறு கம்பெனியுடையது, பேர் எதற்கு. ‘ஃபேர்’ போன செய்தி இன்னும் அதற்கு எட்டவில்லை.

உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்கிறோம். கருங்குஞ்சு என்று பெருமைப்பட நம் பாட்டிகளுக்கே மனம் வரவில்லை. (பொன்குஞ்சு உங்கள் அட்டையில் மூன்றாவது கட்டம்.) எங்கள் மருந்தீஸ்வரருக்கே பால்வண்ணநாதர் என்று இன்னொரு பேர். காமதேனு பால் சொரிந்து வெளுத்தாராம், உங்கள் க்ரீம் கேட்கிற மாதிரி ஆறு வாரம் ஆனதாகத் தலபுராணத்தில் இல்லை. அகத்தியருக்கு மருந்தெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர். கறுப்புக்கு என்று எதுவும் சொன்னதாகக் கேள்வியில்லை.

அந்தப் பெண்ணின் முகம் ஒரு கட்டம், கழுத்து வேறு கட்டம். கழுத்து என் நிறம், அதாவது கட்டமே இல்லை. தன்னையே சேர்த்துக்கொள்ளாத அட்டையை நாள் முழுக்க நின்றபடி அடுத்தவர் கன்னத்தில் வைத்துப் பார்க்க அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள். பெண் பார்க்க வந்து பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டு, “கலர் கொஞ்சம் கம்மி” என்று தரகரிடம் சொல்லியனுப்புகிறவர்களுக்கு நம்பர் போட்டு அட்டை அச்சடித்துக் கொடுத்தது நீங்கள். வெட்கமாக இல்லை? பதினாலு வயதுப் பெண் ஒருத்தி பயத்தமாவைப் போட்டு, ரத்தம் கசியக் கசியக் கன்னத்தைத் தேய்த்தாள். பாத்ரூம் கதவைத் தட்டித் தட்டி அம்மா அழுதாள். அந்தக் கன்னத்தில்தான் சனிக்கிழமை உங்கள் அட்டை பட்டது.

மன்னிக்கவும். கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. உங்கள் க்ரீம் இல்லாமலே சிவந்ததற்கு வழக்கு ஏதும் போடமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த அட்டை அச்சாகும்போது ஒன்பதாவதாக ஒரு கட்டம் போடுங்கள். மாதிரிக்குக் கன்னம் தரத் தயார். காலை ஆறரைக்குக் கடற்கரையில் நடப்பேன். எட்டு மணிக்கு மேல் வராதீர்கள், வெயிலில் பத்தாவது கட்டம் தேவைப்படும்.

இப்படிக்கு,
கார்டில் இல்லாதவள்,
திருவான்மியூர்.

பி.கு.: அந்தப் பெண் இலவச சாம்பிள் ஒன்று கொடுத்தாள். அடிப்பிடித்த பால் பாத்திரத்தில் தடவி வைத்திருக்கிறேன். ஆறு வாரம் கழித்துத் தெரிவிக்கிறேன்.