ஏரியூர் வட்டாரத்தில் அரப்புப் பொடியின் பரிசுத் தகுதியும் பேரப்பிள்ளைகளின் தலையும்: ஓர் ஆய்வு

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925-இல் பரிசு என்னும் பொருள் பற்றி மட்டுமே ஒரு நீண்ட ஆய்வு எழுதினார். கொடுத்தாக வேண்டும், வாங்கியாக வேண்டும், திருப்பிச் செய்தாக வேண்டும் என்று மூன்று கடமைகளை அதில் வகுத்தார். பசிபிக் தீவுகளையும் வட அமெரிக்கப் பழங்குடிகளையும் பற்றி நூலகத்தில் உட்கார்ந்து படித்து எழுதியவர் அவர். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் தாண்டி ஏரியூர் வரைக்கும் ஒரு நடை வந்து போயிருந்தால், நான்காவதாக ஒரு கடமையும் உண்டு என்று கண்டிருப்பார்: கொடுத்ததைத் தலையில் தேய்த்தாக வேண்டும். அந்த நான்காவது கடமையை நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் களம். மானாவாரி பூமி. ராகி, நிலக்கடலை, குச்சிக்கிழங்கு. 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் பக்கத்திலேயே கடல்போல் கிடந்தாலும், மேட்டாங்காடு வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே இளவட்டங்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் அங்கே வளர்ந்து, அரையாண்டு லீவு, பொங்கல், முழுப்பரீட்சை லீவு, ஆடிப் பதினெட்டு என்று ஊர் வந்து போகிறார்கள். வரும்போது ஒரு பை. போகும்போது நாலு பை. கடலை, ராகி மாவு, புளி எல்லாவற்றுக்கும் அடியில், இரண்டு பாலித்தீன் கவர் போட்டு ரப்பர் பேண்டு சுற்றி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று இருக்கும். நமது ஆய்வுப் பொருள் அதுதான்.

பாட்டிலின் உள்ளடக்கம் இரு வகைப்படும். பையன்களின் தலைக்கு அரப்பு. தாவரவியலார் அல்பிசியா அமரா என்றழைக்கும் உசிலை மரத்தின் இலை இது. கரட்டிலும் வேலியோரத்திலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளரும். இலையை உருவி, நிழலில் காயவைத்து, இடித்துச் சலித்து, வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் அதிலுள்ள சபோனின் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடும். கண்ணில் பட்டால் கண்ணையும் ஒரு வழி பண்ணிவிடும். பெண்பிள்ளைகளுக்குக் குளியல் பொடி: பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், காய்ந்த ரோஜா இதழ். விகிதம் என்னவென்று களத்தில் விசாரித்தபோது கிடைத்த அளவைகள் மூன்று: 'ஒரு கை', 'கொஞ்சம்', 'பாத்துப் போடணும்'. இவற்றுள் மூன்றாவது எந்த அளவை முறையிலும் அடங்காது. ஆனால் பொடி தவறாமல் சரியாக வருவது அதனால்தான்.

தரக் கட்டுப்பாடு அரவை மில்லில் நடக்கிறது. வரிசையில் நிற்கும் ஆயா (இந்த வட்டாரத்தில் பாட்டியை அப்படித்தான் அழைப்பார்கள்), தூக்குப்போசியைத் தூக்கிக் கொடுக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "எனக்கு முன்னால இதுல என்ன அரைச்ச?" மில்காரர் "மல்லி" என்பார். ஆயா நம்பமாட்டார். மெஷினின் வாய்க்கருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்துத் தும்மல் வருகிறதா என்று காத்திருப்பார். வந்தால் மிளகாய், அன்றைக்கு அரவை இல்லை. ஒரு குழந்தையின் முதுகு எரியாமல் காப்பாற்றிய அந்தத் தும்மலை எந்த ஆய்வகமும் இதுவரை அங்கீகரிக்கவில்லை.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கூடவே ஒரு கொட்டாங்குச்சியும் போகும். ஜவ்வரிசியை இரும்புச் சட்டியில் கரியாகும் வரை வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, கூழானதும் கொட்டாங்குச்சியில் ஊற்றிக் காயவைத்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்தால் கன்னத்துக்குத் திருஷ்டிப் பொட்டு தயார். இந்த வட்டாரத்துக் குச்சிக்கிழங்கு லாரியேறி ஜவ்வரிசி ஆலைக்குப் போய் வெள்ளை வெளேரென்று உருண்டையாகி, மளிகைக் கடை வழியாக ஊர் திரும்பி, கரியாக்கப்பட்டுப் பிள்ளையின் கன்னத்தில் உட்காருகிறது. கண் மை விஷயத்தில் மட்டும் குழந்தை மருத்துவர்கள் கண்டிப்பாக இருக்கிறார்கள்: கண்ணுக்குள் எதையும் இழுக்கக் கூடாது. ஆயாக்கள் இதை ஏற்றுக்கொண்டு, பொட்டின் விட்டத்தைப் பெரிதாக்கிவிட்டார்கள்.

இனிச் சட்டம். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டப்படி, சுத்தத்துக்காகவோ அழகுக்காகவோ மனித உடம்பில் தேய்ப்பதும் ஊற்றுவதும் தூவுவதும் தெளிப்பதும் எல்லாம் அழகுப்பொருளே. தேய்ப்பது, ஊற்றுவது, தூவுவது மூன்றும் அரப்புக்கு ஒரே குளியலில் நடந்துவிடும். தெளிப்பதைப் பையன் திமிறும்போது அவனே செய்துகொள்கிறான். சிக்கல் எங்கே என்றால், சட்டம் விற்பனைக்காகத் தயாரிப்பதோடு நிற்கவில்லை. விநியோகத்துக்காகத் தயாரிப்பதையும் சேர்த்தே பேசுகிறது. மூன்று மகன், இரண்டு மகள், ஒரு நாத்தனார் வீடு என்று வருஷா வருஷம் பாட்டில் அனுப்பும் ஆயாவின் செயல் விநியோகமா, பாசமா என்பதைச் சட்ட அறிஞர்கள்தான் தீர்க்க வேண்டும். பாட்டிலில் தயாரிப்புத் தேதி கிடையாது. காலாவதித் தேதியும் கிடையாது. மேலே ஹார்லிக்ஸ் என்ற லேபிள் மட்டும் இருப்பதால், பெங்களூர் அலமாரியில் சத்துமாவு, கடலை மாவு, குளியல் பொடி மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும்போது மருமகள்கள் படும் பாடு தனி ஆய்வுக்குரியது.

மறுபக்கம், பிள்ளைகள் சும்மா வருவதில்லை. ஆயாவுக்கென்று ஒரு பெட்டி வாசனைச் சோப்பு வரும். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1922-இல் வெளியிட்ட நூலில் வருணித்த 'குலா' பரிமாற்றம் இங்கே கண்முன் நடக்கிறது. டிரோபிரியண்ட் தீவுக்காரர்கள் சிப்பிக் கழுத்தணிகளை ஒரு திசையிலும் சிப்பிக் கைவளைகளை எதிர்த் திசையிலும் படகில் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், அணிந்துகொள்வது அபூர்வம். இங்கே பெங்களூரிலிருந்து சோப்பு தெற்கே வருகிறது, பொடி வடக்கே போகிறது. ஆயா சோப்பை உறை பிரிக்காமல் பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைக்கிறார், புடவை மணக்கிறது. மருமகள் பொடியைக் குளியலறைப் பரணில் வைக்கிறார், பரண் மணக்கிறது. இரு தரப்பும் முழுத் திருப்தி. இதோடு முடிந்திருந்தால் மோஸ் சொன்ன மூன்று கடமைகளே போதும், இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

முடியவில்லை. கடையில் வாங்கிய பரிசு, கொடுத்த நிமிஷத்தோடு கொடுத்தவர் கையை விட்டுப் போய்விடுகிறது. ரிமோட் கார் என்ன ஆனது என்று எந்த மாமனும் ஆறு மாதம் கழித்து வந்து கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்லவும் கார் இருக்காது. கையால் அரைத்த பொடி அப்படியல்ல. அதைக் கொடுத்தவருக்குப் பிள்ளையின் மண்டை மீது தணிக்கை அதிகாரம் வந்துவிடுகிறது. கணக்கு நோட்டு, ரசீது எதுவும் வேண்டாம், முடியே சாட்சி. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிள்ளையைக் கட்டி முத்தம் கொடுப்பதுபோல் தெரிவது உண்மையில் முதற்கட்டச் சோதனை. உச்சி முகர்கிறார்கள் என்று நாம் எழுதுகிறோமே, ஆயா முகர்வது ஷாம்பு வாசம் வருகிறதா என்றுதான். அடுத்து, காது மடலைத் திருப்பிப் பார்ப்பார். அரப்பு போட்டவன் எவ்வளவு அலசினாலும் காதுக்குப் பின்னால் பச்சைத் துணுக்கு ஒன்றாவது காய்ந்து ஒட்டியிருக்கும். இல்லையென்றால் போச்சு.

"ஏஞ்சாமி, தலை இப்படிக் காஞ்சு கெடக்குது? ஆயா குடுத்து உட்டதப் போடலியா?"

வீடியோ கால் வந்தபின் இந்தத் தணிக்கை வாராந்திரமாகிவிட்டது. "கொஞ்சம் குனி கண்ணு, வெளிச்சத்துல காட்டு" என்கிறார் ஆயா. சனிக்கிழமை பகலில் அழைப்பு வந்தால் எண்ணெய் தேய்த்துக் குளித்தாயிற்றா என்ற விசாரணை என்று பிள்ளைகளுக்குத் தெரியும். எதிர்த் தந்திரங்களும் வளர்ந்திருக்கின்றன. தலையை வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டு, பொடியில் ஒரு சிட்டிகையைக் காதுக்குப் பின்னால் மட்டும் தடவிக்கொள்ளும் முறை தொழில்நுட்ப ரீதியாகப் பாராட்டத்தக்கது.

ஷாம்பு இந்தப் போரில் எதிரணி என்று கருதுவதும் அவசரம். ஷாம்புவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்து ஏழைக்கும் எட்டவைத்த முன்னோடி கடலூர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் தனியாகத் தொழில் தொடங்கி, தகப்பனார் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து 'சிக்' ஷாம்பு கொண்டுவந்தார். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் அந்தப் பொட்டலமும் ஆக மொத்தத்தில் குடும்ப விவகாரம்தான். பின்னாளில் அதே நிறுவனம் 'மீரா' என்று சீயக்காய்ப் பொடியையும் பாக்கெட்டில் போட்டு விற்றது. பேரன் கடையில் வாங்கிய மூலிகைப் பொடியை ஆயாவிடம் காட்டி, "இதுவும் அதேதானே ஆயா?" என்று வாதாடிய சம்பவங்கள் உண்டு. ஆயா பாக்கெட்டை முகர்ந்தார், பின்பக்கம் திருப்பினார், விலையைப் பார்த்தார், வாதம் முடிந்தது.

இந்தத் தணிக்கையிலிருந்து முற்றிலும் தப்ப வழியுண்டா என்பது எஞ்சியுள்ள கேள்வி. முடியே சாட்சி என்றால், முடி இல்லாத இடத்தில் வழக்கில்லை அல்லவா? இந்தத் தர்க்கத்தை நம்பி, முழுப்பரீட்சை லீவில் தீர்த்தமலைக் கோயிலுக்குப் போய் மனமுவந்து மொட்டை போட்டுக்கொண்ட ஒரு பையனின் நிலையை இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆயா சந்தனம் குழைத்து வழுவழு மண்டை முழுக்கப் பூசினார். பூசிக்கொண்டே அவன் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "இப்ப இருந்தே விடாம அரப்புப் போட்டாத்தான் முடி கருகருன்னு மொளைக்கும். ரெண்டு பாட்டிலா குடுத்து உடறேன்."