இடையில் இறங்கும் ஆவிக்கு ஓர் இலக்கணம்

அனல்மின் நிலையத்து ஆவி இருவகைப்படும்: கடைசிவரை போவது, இடையில் இறங்குவது. கடைசிவரை போவதற்குத்தான் நல்ல பெயர். டர்பைனின் எல்லா பிளேடு வரிசைகளையும் சுழற்றிவிட்டுக் கண்டென்சரில் விழுந்து நீராகும். தூத்துக்குடி போன்ற கடலோர நிலையமாயின் தன்னிடம் மிஞ்சிய வெப்பத்தைக் கடலுக்கே தாரை வார்த்துவிடும். இடையில் இறங்குவதையோ எக்ஸ்ட்ராக்ஷன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். 210 மெகாவாட் யூனிட் ஒன்றில் பாய்லரிலிருந்து புறப்படும் ஆவியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த இரண்டாம் வகை. இத்துணைப் பெருங்கூட்டம் இலக்கணமின்றி அலைவது கண்டு பொறாமல் இந்நூல் எழுந்தது.

வேலையை முடிக்காத ஆவியை நடுவழியில் இறக்கிவிடுவது நட்டமன்றோ என்பர் ஒரு சாரார். அவர் கணக்கை ஒருபக்கம் மட்டும் கூட்டியவர். கண்டென்சருக்கு முந்திய கடைசி நிறுத்தத்தில், சுமார் 0.3 பார் அழுத்தத்தில் இறங்கும் ஆவியை எடுத்துக்கொள்க. அது இறங்காமல் போயிருந்தால் கிலோவுக்கு இன்னும் 150 கிலோஜூல் அளவுக்கு வேலை செய்திருக்கும். அதன் பிறகு 2,200 கிலோஜூல் வெப்பத்தைக் கடலில் கொட்டியிருக்கும். இப்போது அந்த 150ஐ விட்டுக்கொடுத்து, 2,200ஐப் பாய்லருக்குப் போகும் தண்ணீரிடம் சேர்த்துவிடுகிறது. அவ்வளவு வெப்பத்துக்கு நிலக்கரி எரிக்க வேண்டியதில்லை. வீணாகும் வெப்பத்தை உள்ளுக்குள்ளேயே திருப்பும் இந்தக் குணத்துக்குப் பழைய மூதாதை உண்டு: ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டர்லிங் 1816இல் காப்புரிமை பெற்ற வெப்ப மீட்பி. பாதிரியாருக்கு ஆவியின்மேல் நம்பிக்கை இல்லை, காற்றின்மேல்தான். ஆயினும் அவரைக் குலமுதல்வராகக் கொள்வதில் குற்றமில்லை.

அங்ஙனமாயின் எல்லாவற்றையும் அந்தக் கடைசி நிறுத்தத்திலேயே இறக்கினால் என்ன என்று வினவுவார்க்கு விடை: 0.3 பார் ஆவி 69 டிகிரியில் நீராகிவிடும். அதைக் கொண்டு தண்ணீரை அதற்குமேல் ஏற்ற இயலாது. 1 பாரில் 100 டிகிரி, 6 பாரில் 159, 40 பாரில் 250 என ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எனவே படிப்படியாகவே ஏற வேண்டும். மேற்படியில் இறங்கும் ஆவி விட்டுக்கொடுக்கும் வேலையும் அதிகம் என்பதால் கீழ்ப்படிகளை முதலில் நன்றாகப் பயன்படுத்துக என்பது விதி.

படிகள் எத்தனை? இந்தியாவின் 210 மெகாவாட் டர்பைன்கள் இரு குலத்தவை. லெனின்கிராடு வழிவந்த எல்.எம்.இசட். குலத்துக்கு ஏழு இறங்குமிடம், ஜெர்மனியின் கே.டபிள்யூ.யூ. குலத்துக்கு ஆறு. இரண்டையும் இங்கே வடித்தது பி.எச்.இ.எல்.தான். ஏழு சிறந்ததா ஆறு சிறந்ததா என்னும் வழக்கைத் தீர்க்க ஒரு தோராயச் சூத்திரம் உண்டு. இறங்கும் ஆவியால் தண்ணீரைச் சூடேற்றும் ஹீட்டர் ஒன்று வைத்தால் கிடைக்கக்கூடிய மொத்த ஆதாயத்தில் பாதி வந்துவிடும். இரண்டு வைத்தால் மூன்றில் இரண்டு, மூன்றுக்கு நான்கில் மூன்று. இப்படியே போனால் ஆறிலிருந்து ஏழுக்குத் தாவுவதில் கிடைப்பது 56இல் ஒரு பங்கு. எந்தக் குலத்தாரும் இதற்காகச் சண்டையிட வேண்டியதில்லை.

இனி வகைகள். இவ்வாவியை எட்டு நெறியால் பகுக்கலாம். விரிப்பின் பெருகும் என்றஞ்சி மூன்றே கூறுதும்.

வெம்மையால்: மிகுசூடுடையது, ஈரமுடையது. மேலே உள்ளது சூடு, கீழே உள்ளது குளிர்ச்சி என்று மாணாக்கர் மனப்பாடம் செய்வர். அது எல்லா இடத்தும் செல்லாது. கே.டபிள்யூ.யூ. குலத்தில் ஆறாம் ஹீட்டருக்குப் போகும் 40 பார் ஆவி, ரீஹீட்டருக்குப் போகுமுன்னே பிரிந்தது. ஐந்தாம் ஹீட்டருக்கான 17 பார் ஆவி ரீஹீட்டரில் மறுபடி காய்ச்சப்பட்டபின் வருவது; 400 டிகிரியைத் தாண்டி நிற்கும். தம்பி அண்ணனைவிடச் சூடு! 204 டிகிரியில் நீராக வேண்டிய ஆவி இவ்வளவு வெறியோடு நுழைவதால், அதன் சூட்டைத் தணிக்கவே ஹீட்டருக்குள் தனிப் பகுதி கட்டுகிறார்கள். ஈர ஆவிக்குப் பெருமை வேறு: இறங்கும்போது நீர்த்துளிகளையும் கூட்டிக்கொண்டு போவதால் கடைசி பிளேடுகள் அரிபடுவது குறைகிறது.

கொடுக்கும் முறையால்: தொட்டுக் கொடுப்பது, தொடாமல் கொடுப்பது. பெரும்பாலானவை குழாய்க்கு வெளியே நின்று, உள்ளே ஓடும் நீருக்கு வெப்பம் தருவன. அவை நீரானபின் டிரிப் எனப் பெயர் பெற்று அடுத்த கீழ் ஹீட்டருக்கு வடியும். தண்ணீரோடு நேராகக் கலப்பது டீயேரேட்டர் ஆவி ஒன்றே. இதுவே இக்கூட்டத்தில் அறிஞன் எனத் தகும். சூடும் ஏற்றும், பாய்லர் குழாயைத் தின்னும் ஆக்சிஜனையும் விரட்டும். நூறு கோடியில் 7 பங்குக்குமேல் ஆக்சிஜன் மிஞ்சினால் கெமிஸ்ட் சும்மா இருக்கமாட்டார். ஆனால் அங்குள்ள நீர் கொதிநிலையிலேயே நிற்பது. ஃபீட் பம்ப் உறிஞ்சும்போது சற்றே அழுத்தம் குறைந்தாலும் ஆவியாகிவிடும். அதனால்தான் டீயேரேட்டரைத் தூக்கி உயர மாடியில் வைத்திருக்கிறார்கள். படியேறி அலுத்தவர் இக்காரணத்தை நினைந்து ஆறுக.

மீளும் இயல்பால்: மீள்வது, மீளாதது. இப்பகுப்பே உயிர்நிலை. டர்பைனுக்கு வரும் ஆவி திடீரெனத் துண்டிக்கப்பட்டால் உள்ளழுத்தம் நொடியில் சரியும். ஹீட்டர்களில் தேங்கிய வெந்நீர் குபீரென ஆவியாகி, இறங்கிய வழியே திரும்ப ஏறும். சுமையற்றுச் சுழலும் ரோட்டரை அது நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேலே விரட்டிவிடும். இன்னொரு மீட்சி அதனினும் கொடிது: டீயேரேட்டருக்குப் பின் வரும் எச்.பி. (உயர் அழுத்த) ஹீட்டரில் குழாய் ஓட்டையானால் 150 பாருக்கு மேற்பட்ட தண்ணீர் வெளிக்கூட்டை நிரப்பி, டர்பைனுக்குள்ளேயே நுழையப் பார்க்கும். நீர் புகுந்த ரோட்டர் வளையும், பிளேடு உடையும். ஆதலின் எக்ஸ்ட்ராக்ஷன் குழாய்களில் என்.ஆர்.வி. என்னும் ஒருவழி வால்வு உண்டு, நீர்மட்டம் ஏறினால் ஹீட்டரைத் துண்டிக்கும் காப்பும் உண்டு. கண்டென்சர் கழுத்துக்குள்ளேயே கிடக்கும் முதல் ஹீட்டருக்கு மட்டும் வால்வு வைப்பதில்லை. அதன் வழி குறுகியது, வலியும் அற்பம்.

எச்சமாக ஒன்று. எச்.பி. ஹீட்டர்களை வெளியே நிறுத்திவிட்டால் இறங்க வேண்டிய ஆவியெல்லாம் டர்பைனிலேயே ஓடி, மெகாவாட் மீட்டர் ஏறும். மாலை நேரத் தேவைக்கு இதை அறிந்தே செய்வதுண்டு, அது தகும். ஆனால் பாய்லருக்குப் போகும் நீர் 240 டிகிரியிலிருந்து டீயேரேட்டரின் சூட்டுக்கே இறங்கிவிடுகிறது. குறைந்த அத்தனை டிகிரியையும் நிலக்கரி எரித்தே ஈடுசெய்ய வேண்டும். ஹீட்டர் இல்லாமலே லோடு கூடியது என்று பெருமை பேசுபவரைக் கண்டால், அன்றைய நிலக்கரிக் கணக்கை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.