கும்மிடிப்பூண்டியில் விமானம் கட்டும் முறை

அளவு மாதிரி விமானம் என்பது உண்மையான விமானத்தின் நீள அகல உயரங்களை ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்வது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வார்த்த பாகங்கள் பெட்டியில் வரும்; அதற்குக் கிட் என்று பெயர். வாங்கியவர் அவற்றை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். ராணுவ விமானங்களுக்கு 1/72 என்ற அளவே பெருவழக்கு. ஆறடி ஆள் இந்த அளவில் ஓர் அங்குலம் இருப்பார். கட்டுபவருக்கு மாடல்காரர் என்று பெயர். வீட்டார் இதைப் பொம்மை என்பார்கள். மாடல்காரர் முதல் சில வருடங்கள் அதை மறுப்பார். பிறகு, குழந்தைகள் கைவைக்காமல் இருந்தால் எந்தப் பெயரும் சம்மதம் என்ற பக்குவத்துக்கு வந்துவிடுவார்.

இதில் சிக்கனம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. லண்டனில் 1939-இல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் கம்பெனி முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகளும் சீப்புகளும் செய்தது. 1952-இல் ஒரு பாய்மரக் கப்பல் கிட்டைப் பையில் போட்டு, உல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. பின்னர் ஸ்பிட்ஃபயர் போர்விமானம் வந்தது. அந்த இரண்டு ஷில்லிங் காலம் போய்விட்டது. இன்று அதே பிளாஸ்டிக் கடல் கடந்து, சுங்கம் கட்டி, கூரியர் ஏறி கும்மிடிப்பூண்டி வந்து சேரும்போது, கிலோ விலை போட்டுப் பார்த்தால் முந்திரிப்பருப்பு மலிவாகத் தெரியும்.

விசித்திரம் என்னவென்றால், பிளாஸ்டிக்குக்குப் பஞ்சமில்லாத ஊர் அது. திருவள்ளூர் மாவட்டத்தில் காக்களூர் சிட்கோ முதல் கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை ஷெட்டுக்கு ஷெட் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின் ஓடுகிறது. வாளி, மூடி, கார் பாகம் என்று டன் கணக்கில் வார்க்கிறார்கள். அதன் நடுவில் வசிக்கும் ஒருவர், கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக்கை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கிறார். அந்தப் பெட்டியை மோல்டிங் ஷாப் நண்பரிடம் திறந்து காட்டுவது தவிர்க்க வேண்டிய செயல். அவர் பாகங்களைச் சட்டமாகப் பிடித்திருக்கும் கம்பியை 'ரன்னர்' என்பார். மாடல்காரர்கள் அதையே ஸ்ப்ரூ என்று பக்தியோடு சொல்வது அவருக்குப் புரியாது. பழைய டையில், அதாவது அச்சில், வார்த்த கிட் என்றால் ஓரமெல்லாம் மெல்லிய தகடாகப் பிதுங்கியிருக்கும். அதற்குப் பெயர் ஃபிளாஷ். தடித்த இடங்களில் குழி விழுந்திருக்கும். அது சிங்க் மார்க். எஜெக்டர் பின் குத்திய வட்டத் தழும்பு, விமானி உட்காரும் இடத்திலேயே இருக்கும். நண்பர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "அண்ணே, டை தேஞ்சு போச்சு, கிளாம்ப் டன்னும் பத்தல. எங்க க்யூ.சி.ல இது ரிஜெக்‌ஷன் பீஸு. இதுக்கா காசு குடுத்தீங்க?"

குறைந்த செலவில் இந்திய விமானப்படை விமானம் ஒன்று வேண்டுமென்றால் வழக்கமாகக் கைவைக்கப்படுவது ஃபோலாண்ட் நாட். டெடி பெட்டர் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த, கையடக்கமான ஜெட் போர்விமானம். 1955 ஜூலையில் முதலில் பறந்தது. பிரிட்டிஷ் விமானப்படை அதைப் போருக்கு வேண்டாம் என்று சொல்லி, பயிற்சிக்கு இரண்டு இருக்கை வைத்து நீட்டி வாங்கிக்கொண்டது. இந்தியா ஒற்றை இருக்கை விமானத்தையே வாங்கி, பெங்களூர் எச்.ஏ.எல்.-இல் உரிமம் பெற்றுக் கட்டியது. 1965 செப்டம்பர் 3 அன்று விமானி டிரெவர் கீலர் நாட் விமானத்தில் பறந்து பாகிஸ்தானின் சேபர் போர்விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியதாகக் கணக்கு. அதே நாளில் இன்னொரு நாட் பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுதளத்தில் இறங்கிவிட்டது. அது கராச்சி அருங்காட்சியகத்தில் இன்னும் நிற்கிறது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டியதும் நாட்தான். விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்கரம் அவருடையது.

ஏர்ஃபிக்ஸ் விற்கும் மலிவான 1/72 நாட், பிரிட்டனின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு ஓட்டிய இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். ஒற்றை இருக்கை நாட் கிட்டை செக் நாட்டின் ஸ்பெஷல் ஹாபி கம்பெனி வெளியிட்டிருக்கிறது. அதை வாங்குகிறவருக்கு இங்கிருந்து கட்டுரையின் பெரும்பகுதி தேவைப்படாது. ஆனால் சிக்கன மாடல்காரர் அதை வாங்க மாட்டார். விலை வித்தியாசத்தை மிச்சம் பிடிக்க, மலிவானதை வாங்கி மாற்றிக் கட்டுவதே அவருடைய சமய நெறி. கன்வர்ஷன் என்பது இதுதான்.

வேலை என்னவென்று எண்களில் பார்க்கலாம். பயிற்சி விமானம் 9.68 மீட்டர் நீளம், போர்விமானம் 8.74 மீட்டர். 1/72-இல் 134 மில்லிமீட்டரை 121 ஆக்க வேண்டும். ஆக, உடலில் 13 மில்லிமீட்டர் போக வேண்டும். இறக்கை விரிவு 7.32 மீட்டரிலிருந்து 6.73; பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர். இதோடு முடிந்தது என்று நுனியை மட்டும் நறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. இறக்கைப் பரப்பு 175 சதுர அடியிலிருந்து 136.6 சதுர அடிக்கு இறங்குகிறது; நுனியை மட்டும் வெட்டினால் அந்தக் கணக்கு நேராகாது. அகலத்திலும் அரத்தால் குறைக்க வேண்டும். வால் செங்குத்தும் பயிற்சி விமானத்தில் பெரிது. அதையும் சீவ வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், பெட்டியிலிருப்பதில் மாற்றாமல் வைத்துக்கொள்ளக்கூடியவை சக்கரங்கள். சிலர் அவற்றையும் மாற்றுவார்கள்.

வெட்டுவதற்கு மெல்லிய ரம்பம் விலைக்குக் கிடைக்கும். பட்டறையில் உடைந்துபோன ஆக்ஸா பிளேடு சும்மா கிடைக்கும். ஆனால் அதன் பல் வாய் அகலம் ஒரு மில்லிமீட்டரை நெருங்கும். 13 மில்லிமீட்டர் எடுக்கப்போய், முன்பக்கம் ஒரு வெட்டு, பின்பக்கம் ஒரு வெட்டு என்று பிளேடு தன் பங்கைத் தின்றுவிட்டால், விமானம் ஃபோலாண்ட் கம்பெனி நினைத்ததைவிடக் குட்டையாகிவிடும். எனவே கோட்டுக்கு உள்ளே வெட்டி, வாட்டர் பேப்பரில் தேய்த்து அளவுக்கு வர வேண்டும். 400-ஆம் எண் பேப்பரில் ஆரம்பித்து 1000-இல் முடிப்பது முறை. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடிக்கும்போது முன்பாதி ஒரு சுற்றளவும் பின்பாதி வேறு சுற்றளவுமாக இருக்கும். பயிற்சி விமானத்தின் விலா சீராகச் சரிகிறது, நடுவில் ஒரு துண்டைப் பிடுங்கினால் படிக்கட்டு விழத்தான் செய்யும். அந்தப் படிக்கட்டை நிரப்பும் கலையே கன்வர்ஷனில் முக்கால் பங்கு.

பசையையும் நிரப்பும் பட்டியையும் பொறுத்தவரை தொழிற்பேட்டையில் வாழ்வது பாக்கியம். கிட் கம்பெனிகள் சிறு புட்டியில் விற்கும் பசை அடிப்படையில் கரைப்பான்தான். பாலிஸ்டைரீனை இளக்கி ஒன்றோடொன்று உருக்கிவிடும். டிங்கரிங் பட்டறையில் பெயிண்ட் கலக்கும் என்.சி. தின்னர் அதே வேலையைச் செய்யும். ரன்னர் துண்டுகளைப் பொடியாக நறுக்கி ஒரு சிறு பாட்டிலில் தின்னரோடு ஊறவைத்தால் மறுநாள் கூழாகிவிடும். இடைவெளி நிரப்ப இதைவிடச் சிறந்த பட்டி கிடையாது. காய்ந்தபின் அதுவும் விமானத்தின் அதே பிளாஸ்டிக்தான். பெரிய பள்ளத்துக்குக் கார் பட்டறை என்.சி. பட்டி போதும். தின்னர் ஆவியை முகராமல் ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். ரன்னரை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்தால் தலைமுடி கனத்துக்கு நூலாகும். வானொலி ஏரியலுக்கு உதவும். தின்னரையும் மெழுகுவர்த்தியையும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் வைத்து வேலை செய்பவருக்கு இக்கட்டுரை பொறுப்பேற்காது.

கூடுதல் பிளாஸ்டிக் வேண்டுமென்றால் ஸ்கிராப் மூட்டையைக் கிளறலாம். கையில் கிடைத்தது என்ன சரக்கு என்று கண்டுபிடிப்பது எளிது. தண்ணீரில் போட வேண்டும். மிதந்தால் அது பி.பி., அல்லது பாலித்தீன். எந்தப் பசைக்கும் பிடிகொடுக்காது, தூக்கிப்போட்டுவிடலாம். மூழ்கினால் ஒரு சொட்டுத் தின்னர் விட்டு, இளகுகிறதா என்று பார்க்க வேண்டும். காலாவதியான ஏ.டி.எம். கார்டு பலருக்கும் தோன்றும் யோசனை. அதன் கனம் 0.76 மில்லிமீட்டர். 72-ஆல் பெருக்கினால் ஐந்தரை சென்டிமீட்டர். அதில் கதவு செய்தால், பறக்கும் விமானத்துக்கு வங்கி லாக்கர் கதவு மாட்டியதாகிவிடும்.

சிறு பாகங்களுக்கு மருந்துக்கடை கைகொடுக்கும். மூக்கு நுனியில் நீட்டியிருக்கும் பிடாட் குழாய்க்கு இன்சுலின் ஊசி பொருத்தம். 31 கேஜ் ஊசி 0.26 மில்லிமீட்டர் கனம். உண்மை அளவில் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் குழாய். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் செலவே இல்லை. பயன்படுத்தாத ஊசியாக மட்டும் இருக்க வேண்டும். இந்த விமானத்துக்கு மூக்குச் சக்கரம் உண்டு என்பதால் முன்பக்கம் கனம் ஏற்றாவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும். சைக்கிள் கடை பால்ரஸ் குண்டு நான்கைந்து, எம்-சீலில் பொதிந்து உள்ளே வைத்தால் சரி. உடலை ஒட்டி மூடுவதற்கு முன்னால் வைக்க வேண்டும் என்பதை எல்லாக் கையேடுகளும் கொட்டை எழுத்தில் சொல்கின்றன. அப்படிச் சொல்லவேண்டி வந்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

ஒற்றை இருக்கைக்குக் கண்ணாடிக் கூண்டு புதிதாக வேண்டும். தச்சுப் பட்டறை மரத்துண்டில் அந்த வடிவத்தைச் செதுக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்குள் நுழைத்து, ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டினால் பாட்டில் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். தேவையான பகுதியை வெட்டி எடுத்தால் கூண்டு தயார். மரத்தில் ஒரு கோடு இருந்தாலும் கண்ணாடியில் தெரியும். ஃபெவிக்விக்கால் ஒட்டினால் ஆவி படிந்து உள்ளே பனிமூட்டமாகும்; ஃபெவிகால் காய்ந்தால் தெளிவாகிவிடும்.

1965-இல் நாட் விமானங்கள் வெள்ளி நிறம். கேட்டுக்கும் பைப்புக்கும் அடிக்கிற அலுமினியம் பெயிண்ட் மலிவு. ஆனால் அதன் துகள் 1/72-க்குப் பெருஞ்சரளை. கார் டச்-அப் கடையில் மாருதியின் சில்க்கி சில்வர் வாங்கி, ப்ரைமருக்கு மேல் மெல்ல மெல்லத் தூவினால் போதும். ஒரேயடியாக அடித்தால் அதிலுள்ள தின்னர் பிளாஸ்டிக்கையே தின்னும். வெள்ளி நிறத்துக்கு இன்னொரு குணம், அடியிலிருக்கும் ஒவ்வொரு கீறலையும் ஊருக்குக் காட்டிக்கொடுப்பது. ஐப்பசி, கார்த்திகையில் என்.சி. பெயிண்ட் அடிக்கக் கூடாது; காற்றின் ஈரத்தில் வெள்ளை பூத்துவிடும். மீதி மாதங்களில், இரும்பு உருட்டாலைகள் உள்ள பக்கம் குடியிருப்பவருக்கு வேறு தொந்தரவு. பெயிண்ட் காய்வதற்குள் ஜன்னல் வழியாகக் கரித்துகள் வந்து உட்காரும். வெளிநாட்டு மாடல்காரர்கள் புகை, அழுக்கு, துரு போலத் தெரிவதற்கென்றே டப்பாவில் பொடி வாங்கித் தூவுகிறார்கள். கும்மிடிப்பூண்டியில் அது வீட்டு வாசலில் இலவசம். வேண்டாம் என்றாலும் கிடைக்கும்.

விமானப்படை வட்டச் சின்னத்துக்கு வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. வீட்டு இங்க்ஜெட் வெள்ளை அச்சிடாது. பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ பைக்குக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் பிளாட்டர் இருக்கும். கடைக்காரரிடம் வட்டங்களை வெட்டி வாங்கி, ஒட்டிவைத்து, இடைவெளியில் பெயிண்ட் அடித்து உரிக்க வேண்டும். அவர் கேட்கும் ஒரே கேள்வி, இவ்வளவு சின்ன வண்டி எது என்பது.

உள்ளூர்ப் பெருமை உள்ளவருக்கு வேறு விமானங்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் 1942 முதல் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆவது ஸ்குவாட்ரன் செங்குன்றம் ஏரியில் கேட்டலினா நீர்விமானங்களை இறக்கி ஏற்றியது. இன்று சென்னைக்குக் குடிதண்ணீர் போகும் அதே புழல் ஏரி. 1/72-இல் கேட்டலினாவின் இறக்கை 44 சென்டிமீட்டர். சோழவரம் ஓடுதளமும் அந்தப் போர்க்காலத்தது. பின்னால் அங்கே கார் பந்தயம் நடந்தது. தேய்ந்துபோன வாட்டர் பேப்பரைப் பலகையில் ஒட்டினால் அந்த ஓடுதளம் தயார். அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் 2017 மார்ச் வரை இருந்த டி.யூ.-142 கண்காணிப்பு விமானத்தின் மேல் ஆசைப்படுபவர் முதலில் பீரோவை அளக்க வேண்டும். 50 மீட்டர் இறக்கை 1/72-இல் 69 சென்டிமீட்டர். 1/144-இல் 35 சென்டிமீட்டருக்குள் அடங்கும். குடும்பமும் அதுவும் ஒரே வீட்டில் இருக்க முடியும்.

முடிந்த விமானத்தைத் திறந்த அலமாரியில் வைத்தால் ஒட்டடைக் குச்சி முதலில் பிடாட் குழாயை எடுத்துப்போகும். கண்ணாடிப் பெட்டி அவசியம். மீன்தொட்டி செய்யும் கடையில் அளவு கொடுத்தால் அன்றே கிடைக்கும். விலை பெரும்பாலும் கிட்டைத் தாண்டும், ஸ்பெஷல் ஹாபி கிட்டை வாங்காமல் மிச்சம் பிடித்த பணம் இங்கே தீரும். கூடவே மோட்டாரும் கூழாங்கல்லும் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்பார். நாட் கட்டியவர் வேண்டாம் என்பார். கேட்டலினா கட்டியவர் கூழாங்கல் மட்டும் வாங்கிக்கொள்வார்.