14 ஊசியும் 4 ஊசியும்

வாலாஜாபாத்தில் எங்கள் தெருக்காரர்களிடம் 14 ஊசி என்றால் எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். நாய்க்கடிக்கு. தொப்புளைச் சுற்றி, நாளுக்கு ஒன்றாக. தறியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கூட அதைப் பற்றிப் பேசும்போது தன்னையறியாமல் வயிற்றைத் தொட்டுக்கொள்வார். பிள்ளைகளை அடக்க எங்கள் வீடுகளில் பூச்சாண்டி தேவைப்படவில்லை. அந்த ஊசியின் பேரே போதும்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கும் அது வந்தது. பாலாற்று மணலில் ஆடிவிட்டு ரயிலடிப் பக்கமாகத் திரும்பும்போது ஒரு செவலை நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டு ஓடியது. அதற்குப் பிறகு அந்த நாயை யாரும் பார்க்கவில்லை. கடித்த நாய் கண்ணெதிரே திரிந்தால் பத்து நாள் பார்க்கலாம். காணாமல் போனால் வெறி பிடித்தது என்றே கணக்கு. ஆயா சுண்ணாம்பையும் மஞ்சளையும் குழைத்துக் காயத்தில் அப்பி, மேலே மிளகாய்த்தூளையும் தூவினாள். எரிகிற எரிச்சலில் விஷம் இறங்கிவிடும் என்று அவள் உறுதியாக நம்பினாள். மந்திரிக்கிறவருக்கும் ஆள் போனது. அப்பா மட்டும் தறியைவிட்டு எழுந்து வந்து, "மந்திரிக்கிறதை அப்புறம் பாத்துக்கலாம். காலையில மொத வண்டிக்குக் காஞ்சிபுரம் போறோம்" என்றார்.

ஆயாவை எதிர்த்து அப்பா பேசியதை நான் அதற்கு முன்னும் பின்னும் அதிகம் பார்த்ததில்லை. அன்று பேசவைத்தது பயம். இளவயதில் அவர் கூடவே நெய்த ஒருவர் இந்த நோயில் போனதை அவர் கண்ணால் கண்டிருந்தார். தாகத்தில் தவிக்கிற மனிதன், தண்ணீர்ச் சொம்பை நீட்டினால் தொண்டை இறுகி அலறுகிறான். மின்விசிறிக் காற்று பட்டாலும் துடிக்கிறான். நடுநடுவே புத்தி முழுசாகத் தெளிந்து வீட்டாரின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அதைப் பார்த்தவர்களுக்குச் சுண்ணாம்பில் நம்பிக்கை வராது. அறிகுறி வந்துவிட்டால் ஏறத்தாழ யாருமே பிழைப்பதில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

பட்டுத்தறியில் ஒரு நாள் உட்காராவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. அப்படியிருந்தும் அப்பா ஒரு ஊசியையும் தவறவிடவில்லை. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்கும் தண்ணீரிலிருந்து இடுக்கியால் எடுப்பார். கலங்கலான வெள்ளை மருந்து, பெரிய அளவு, நீளமான ஊசி. நேற்றுப் போட்ட இடம் வீங்கி இறுகியிருக்கும். இன்றைக்கு அதை விட்டுத் தள்ளிப் போடுவார்கள். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று சொன்ன அப்பாவே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தக் கலங்கலுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று. ஆட்டு மூளை. 1885-ல் பாரிஸில் லூயி பாஸ்டர், ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு முயலின் தண்டுவடத்தை உலர்த்தி எடுத்த மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றினார். அந்த வழியில் 1911-ல் வடக்கே கசௌலி மலையில் டேவிட் செம்பிள் என்ற ராணுவ மருத்துவர் ஒரு முறையைக் கண்டார். வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று ஊசியில் ஏற்றுவது. தெற்கே அதைத் தயாரித்த பெரிய இடம் குன்னூர் பாஸ்டர் நிறுவனம். 1902-ல் லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் இந்த நோயில் இறந்துபோனார். அன்று சிகிச்சைக்குக் கசௌலி மலைவரை போகவேண்டும். அந்தச் சாவு கிளப்பிய பேச்சும், ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையில் ஒரு பங்கும் சேர்ந்து 1907-ல் குன்னூரில் அந்த நிறுவனத்தைத் திறக்கவைத்தன. நூறாண்டுக்கு மேலாகத் தென்னாட்டு ஏழைகளின் உயிர் அந்த மலையிலிருந்து வந்திருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்களை நினைக்கும்போது எனக்கு இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

ஆனால் அந்த மருந்துக்கு ஒரு கொடுமையான மறுபக்கம் உண்டு. மூளைத்திசுவை உடம்பில் ஏற்றினால், உடம்பு கிருமிக்கு எதிராக மட்டும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புரதத்தை உண்டாக்குவதில்லை. சிலருக்கு மூளைத்திசுவுக்கு எதிராகவும் உண்டாக்கிவிடும். ஆட்டின் நரம்பு உறைக்கும் மனிதனின் நரம்பு உறைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. காப்பாற்ற வந்த அதே சக்தி சொந்த நரம்பையே அரிக்கும். எங்கள் பின்தெருவில் ஒரு நெசவாளருக்கு முழுசாக ஊசி போட்டு முடித்த சில நாளில் இரண்டு காலும் துவண்டுவிட்டன. குழித்தறியில் மிதியை மாற்ற மாற்றத்தான் பாவு பிரியும். கால் இல்லாதவனுக்குத் தறி இல்லை. அவர் மனைவி மூன்று பிள்ளைகளோடு நூல் இழைத்துக் குடும்பத்தை ஓட்டினார். நாய் கடித்ததற்கு இது தண்டனை என்று ஊர் பேசியது. தண்டனை இல்லை, அது மருந்தின் குறை என்று சொல்ல அன்று எங்கள் தெருவில் ஆள் இல்லை.

இந்த மருந்தை நிறுத்தவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் எண்பதுகளிலேயே சொன்னது. இந்தியா நிறுத்தியது 2004-ன் கடைசியில். நடுவில் போன இருபது ஆண்டுகளை எண்ணினால் எனக்கு ஆத்திரம் வருகிறது. செல் வளர்ப்பில் செய்த சுத்தமான தடுப்பூசி அதற்கு வெகுமுன்பே இருந்தது. காசுள்ளவர்கள் அதைத் தனியார் மருத்துவமனையில் தோளில் போட்டுக்கொண்டார்கள். காசில்லாதவர்கள் வயிற்றைக் காட்டினார்கள். இந்த இடத்தில் நம்மூர் ஆராய்ச்சிக்காரர்களும் மருத்துவர்களும் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். விலை உயர்ந்த அந்த மருந்தைத் தசையில் போடாமல் தோலுக்குள், இரண்டு இடத்தில், 0.1 மில்லியாகப் போட்டாலும் போதிய எதிர்ப்புரதம் உண்டாகிறது என்று சோதித்துக் காட்டினார்கள். 2006-ல் இந்தியாவில் அதற்கு அனுமதி வந்தது. ஒருவருக்கு ஆகும் மருந்தைப் பலருக்குப் பங்கிட முடிந்தது. இன்று அரசு மருத்துவமனையில் இலவசம். முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள்: 4 முறை போனால் முடிந்தது. கொசுக்கடி அளவு வலி.

இங்கேதான் எனக்கு மனசு ஆறாத ஒன்று இருக்கிறது. 14 ஊசிக் காலத்தில் தறியை நிறுத்தி ஓடினோம். இன்று 4 ஊசிக்கு 3-ஆவதோடு நிறுத்திவிடுகிறவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். "லேசாத்தானே கீறுச்சு", "நம்ம வீட்டு நாய்தானே", "முகூர்த்த நாள், ஆர்டர் முடிக்கணும்." அந்தச் சாவை நேரில் பார்த்த தலைமுறை போய்விட்டது. மருந்து நல்லதானதும் பயம் போய்விட்டது. நோய் மட்டும் போகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று, நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் பேரை விலங்குகள் கடிக்கின்றன என்றும், 5,700-க்கும் மேற்பட்டோர் வெறிநோயில் இறக்கிறார்கள் என்றும் மதிப்பிட்டிருக்கிறது. தடுக்கக்கூடிய சாவு, அத்தனையும்.

ஊசி போட்டும் சிலர் இறப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. சீரம் போடாமல் விடுவது. தடுப்பூசி போட்டதும் உடம்பு எதிர்ப்புரதத்தைச் செய்ய ஆரம்பிக்கிறது. போதுமான அளவு சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கிருமியோ காயத்துச் சதையில் உட்கார்ந்து, பக்கத்து நரம்பு முனைக்குள் நுழையப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நரம்புக்குள் போய்விட்டால் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புரதம் அதைத் தொடுவது கஷ்டம். முகத்திலோ கையிலோ கடி என்றால் மூளைக்கு வழியும் குறைவு. இந்த இடைவெளிக்குத்தான் சீரம் என்ற, முன்பே செய்துவைத்த எதிர்ப்புரதத்தை நேராகக் காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் செலுத்துகிறார்கள். நம் வீட்டு உலை கொதிக்கும் வரைக்கும் பக்கத்து வீட்டில் வாங்கிவந்து பசியாற்றுகிற சோறு மாதிரி அது.

இது நேற்றுக் கண்ட உண்மையா என்றால், இல்லை. 1954 ஆகஸ்டில் ஈரானில் சஹ்னே என்ற ஊருக்குள் ஒரு வெறிபிடித்த ஓநாய் புகுந்து 29 பேரைக் கடித்தது. தெஹ்ரான் பாஸ்டர் நிறுவனத்தார் அவர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். தலையில் கடுமையாகக் கடிபட்டவர்களில் தடுப்பூசி மட்டும் போட்ட 5 பேரில் 3 பேர் இறந்தார்கள். சீரமும் சேர்த்துப் போட்ட 13 பேரில் இறந்தவர் ஒருவர். என் கெண்டைக்காலில் நாய் பல் பதிவதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே உலகத்துக்குத் தெரிந்த செய்தி. எனக்குச் சீரம் போடவில்லை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் கேள்விப்படவும் இல்லை. நான் பிழைத்தது பெரும்பாலும் அந்த நாயின் தயவு என்றே நினைக்கிறேன்.

இன்று சீரத்தைக் குதிரையிடமிருந்து எடுக்கிறார்கள், மனித ரத்தத்திலிருந்தும் எடுக்கிறார்கள். அதற்கும் மேலே போய், ஒரே ஒரு எதிர்ப்புரதத்தைத் தேர்ந்து செல்களில் வளர்த்தெடுக்கவும் நம் நாட்டில் கற்றுக்கொண்டார்கள். புனே சீரம் இன்ஸ்டிடியூட்டும் அமெரிக்காவின் மாஸ்பயாலஜிக்ஸும் சேர்ந்து உருவாக்கிய ரேபிஷீல்டுக்கு 2016-ல் அனுமதி கிடைத்தது. இரண்டு எதிர்ப்புரதங்கள் கலந்த ட்வின்ராப்ஸ் என்ற சைடஸ் மருந்து அதன் பின்னால் வந்தது. குதிரையும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம். உலகத்திலேயே முதலில் இந்த நாட்டில் கைக்கு வந்த மருந்து, கடிபட்ட பிள்ளையின் பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

பக்கம் என்றதும் செங்கல்பட்டை ஒட்டிய திருமணி ஞாபகம் வருகிறது. வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே சுமார் 100 ஏக்கரில் எச்.எல்.எல். பயோடெக்கின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் நிற்கிறது. 2012-ல் 594 கோடி ரூபாய்த் திட்டமாக ஒப்புதல் பெற்றது. செய்யவேண்டிய மருந்துகளின் பட்டியலில் வெறிநோய்த் தடுப்பூசியும் இருந்தது. கொரோனாவில் ஊசிக்கு நாடே தவித்த 2021 மே மாதம் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார்; கட்டிய ஆலை உற்பத்தி இல்லாமல் கிடந்தது. மாநிலத்திடம் கொடுங்கள், நாங்கள் ஓட்டுகிறோம் என்று பிரதமருக்குக் கடிதமும் போனது. 1907-ல் மலையுச்சியில் ஒரு சின்ன நிறுவனத்தால் முடிந்தது, சமவெளியில், நெடுஞ்சாலைப் பக்கத்தில், இத்தனை கோடியில் முடியவில்லையே என்று அந்த வழியாகப் போகிற ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

போன வருஷம் என் அக்கா பேரனைத் தெருநாய் கடித்தது. கையிலும் கன்னத்திலும். நாலாம் நாள் பார்க்கப் போனேன். அவன் அப்பன், "ரெண்டு ஊசி போட்டாச்சு மாமா, பிரச்சினை இல்ல" என்றான்.

"காயத்துக்குள்ள போட்டாங்களா?"

"தோள்லதான். பெரியாஸ்பத்திரிக்குப் போய் இன்னொண்ணு போடணும்னு சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. அதான் ஊசி போட்டாச்சேன்னு..."

"காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுனீங்களா?"

"ஆயா மஞ்சத்தூள் வெச்சாங்க மாமா."

முதல் ஊசி போட்டு 7 நாளுக்குள் சீரம் போடலாம். அன்று மத்தியானமே காஞ்சிபுரம் போனோம். எடைக்குத் தகுந்த அளவு என்பதால் முதலில் பிள்ளையை நிறுத்தார்கள். டாக்டரம்மா கன்னத்துக் காயத்தைச் சுற்றி மெல்ல மெல்ல மருந்தை ஏற்றினார். பிள்ளை கத்திய கத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் அப்பன் முகம் வெளிறிவிட்டது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது; அவன் இப்போதுதான் பயந்தான்.

வெளியே வந்து அட்டையைப் பார்த்தவன், "28-ஆம் நாள் சரியா தங்கச்சி நிச்சயதார்த்தத்துல விழுது மாமா. ரெண்டு நாள் தள்ளிப் போடலாமா?" என்றான்.

"காலையில ஊசி. பத்தரைக்கு மேலதான் நல்ல நேரம், நான் கேட்டுட்டு வந்துதான் சொல்றேன்" என்றேன்.