உப்பு, காற்று, கடிகாரம்

கே: வழுவழுவென்று தார்ச்சாலை இருக்கும்போது, உப்பின் மேல் எதற்கு பைக் ஓட்டுகிறார்கள்?

ப: 300 கி.மீ. வேகத்தைத் தொட்டுவிட்டுப் பத்திரமாக நிற்க, வளைவே இல்லாத பல மைல் சமதளம் வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வெண்டோவர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் போனவில் உப்புவெளி அப்படிப்பட்ட இடம். பனியுகத்தில் அங்கே ஒரு பெரிய ஏரி இருந்தது. அது வற்றி விட்டுப்போன உப்புதான் இது. குளிர்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது. கோடை வெயில் அதை உறிஞ்சியதும் தரை மறுபடி மட்டமாகிறது. இயற்கையே ஆண்டுதோறும் செப்பனிட்டுத் தரும் ஓடுதளம்!

கே: ஒருவர் மட்டும் தனியாக ஓட்டுவது எப்படிப் பந்தயமாகும்?

ப: எதிராளி இருக்கிறார்: கடிகாரம். அவரை முந்தவும் முடியாது, ஏமாற்றவும் முடியாது. அளந்து குறித்த ஒரு மைலை எத்தனை நொடியில் கடந்தீர்கள் என்பதே கணக்கு. அதிலும் ஒரு தடவை ஓட்டினால் போதாது. சர்வதேசச் சாதனை என்றால் 2 மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓட்ட வேண்டும். இரண்டின் சராசரிதான் செல்லும். பின்னாலிருந்து காற்று தள்ளிவிட்டதால் வந்த வேகத்தை, திரும்பி வரும்போது அதே காற்று பிடுங்கிக்கொள்ளும்.

கே: பெரிய இன்ஜினைப் பொருத்திவிட்டால் வேகம் தானாக வந்துவிடாதா?

ப: வராது. வேகம் 2 மடங்கானால் காற்றின் எதிர்ப்பு 4 மடங்காகும். அதைக் கிழித்துப் போகத் தேவைப்படும் குதிரைத்திறன் 8 மடங்கு. போதாததற்கு, உப்பில் பின்சக்கரம் வழுக்கிச் சுழலும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,280 மீட்டர் உயரம் என்பதால் காற்று மெலிந்திருக்கும். எதிர்ப்பு குறையும், கூடவே இன்ஜினின் மூச்சும் குறையும். ஆகவே இன்ஜினைப் பெருக்குவதில் பாதி வேலை, உடம்பைக் குறுக்குவதில் மீதி வேலை. வயிற்றை டேங்க்கோடு ஒட்டிக்கொண்டு படுப்பவருக்குச் செலவில்லாமல் சில மைல் கூடும்.

கே: நீச்சல் உடையோடு ஒருவர் பைக் மேல் குப்புறப் படுத்திருக்கும் பழைய புகைப்படம் உண்மையானதா?

ப: முழுக்க உண்மை. 1948 செப்டம்பர் 13, ரோலி ஃப்ரீ, வின்சென்ட் பைக். முன்பு ஓட்டியபோது தோல் உடை காற்றில் கிழிந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கால்களைப் பின்னால் நீட்டிப் படுத்தபடி ஓட்டினார். வேகம் மணிக்கு 150.313 மைல், அதாவது சுமார் 242 கி.மீ.; புதிய அமெரிக்கச் சாதனை. இன்று அந்தக் கோலத்தில் போனால் கிளம்பவே விடமாட்டார்கள். தோல் உடை, முழுமுக ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் எல்லாம் கட்டாயம். ஓட்டுநர் விழுந்தால் இன்ஜினை அணைக்கும் கயிறும் அவர் உடம்போடு கட்டியிருக்க வேண்டும்.

கே: எனக்கு வயது 60. இந்த ஆசை அதிகமோ?

ப: உங்களுக்குப் பதில் சொல்லத் தகுதியானவர் பர்ட் மன்றோ. நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊர்க்காரர். 1920-இல் வாங்கிய இந்தியன் ஸ்கவுட் பைக்கை வாழ்நாள் முழுக்க இழைத்துக்கொண்டே இருந்தார். புதிதில் அது 90 கி.மீ.யைத் தொடவே திணறியது. பிஸ்டன்களைத் தானே வார்த்தார். கனெக்டிங் ராடுகளைப் பழைய டிராக்டர் அச்சிலிருந்து அறுத்து எடுத்தார். உடைந்த பாகங்களை 'வேகக் கடவுளுக்குக் காணிக்கை' என்று எழுதி அலமாரியில் அடுக்கினார். போனவில்லில் முதல் சாதனை 1962-இல், 63 வயதில். 1967-இல், 68 வயதில், 183.586 மைல். அந்தக் கணக்கில் பிழை இருப்பதைப் பிற்பாடு அவர் மகன் கண்டுபிடித்தார். 2014-இல் அதை 184.087 மைல், அதாவது 296 கி.மீ. என்று திருத்தினார்கள். மறைந்து 36 ஆண்டு கழித்தும் வேகம் கூடிய மனிதர்! நீங்கள் ஸ்பேனரை எடுங்கள்.

கே: பெண்கள் ஓட்டுகிறார்களா?

ப: அசத்துகிறார்கள். லெஸ்லி போர்ட்டர்ஃபீல்ட் 2007-இல் போனவில்லில் விழுந்து, விலா எலும்புகள் முறிந்து, நுரையீரலில் காயம்பட்டார். மறு ஆண்டே திரும்பி வந்து 232 மைலுக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். 2018-இல் 18 வயது கேலா ரிவாஸ் 150 மைலைத் தாண்டினார். அவர் ஓட்டியது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டின் கான்டினென்டல் ஜிடி 650, பந்தயத்துக்காக மாற்றியமைத்தது.

கே: ஜெயித்தால் எவ்வளவு கிடைக்கும்?

ப: போனவில்லில் 1949 முதல் நடக்கும் 'ஸ்பீட் வீக்' பந்தயத்தில் ரொக்கப் பரிசு கிடையாது. சாதனைப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறும். 200 மைலுக்கு மேல் சாதனை என்றால் ஒரு சிவப்புத் தொப்பி. கடையில் வாங்க முடியாத தொப்பி என்பதால், அதற்காக ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். காசு புகாததால்தான் மெக்கானிக்கும் ஓய்வு பெற்றவரும் அங்கே சமமாக நிற்க முடிகிறது.

கே: எந்த பைக்தான் அதிவேகமானது?

ப: 'ஆக் அட்டாக்'. ஹயபூசா பைக்கின் 2 இன்ஜின்கள், டர்போ. 2010 செப்டம்பரில் ராக்கி ராபின்சன் அதை மணிக்கு 605.697 கி.மீ. வேகத்தில் ஓட்டினார்.

கே: அந்த உப்பு கரைந்துவருகிறதாமே?

ப: மெலிந்துவருகிறது, இது கவலைக்குரிய செய்தி. பக்கத்தில் பொட்டாஷ் எடுப்பவர்கள் பல ஆண்டுகளாக உப்புநீரை இறைத்திருக்கிறார்கள். 1997 முதல் திருப்பி விடவும் செய்கிறார்கள். ஆனாலும் பழைய கனம் திரும்பவில்லை. 2014, 2015 இரண்டு ஆண்டும் ஸ்பீட் வீக் ரத்து. ஏரி வற்றி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் படிந்த உப்பு அது. காப்பாற்றியே ஆக வேண்டும்.

கே: எனக்கு 19 வயது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 தொட்டிருக்கிறேன். அடுத்து?

ப: அடுத்து, அதை நிறுத்துங்கள் தம்பி. போனவில்லில் எதிரே லாரி வராது, குழந்தை குறுக்கே ஓடாது, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். அங்கேயும் புதியவரைப் படிப்படியாகத்தான் வேகம் கூட்ட விடுவார்கள். நமக்கு இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்தளம் இருக்கிறது, கோவையில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. முறையாகக் கற்றுக்கொண்டு அங்கே ஓட்டுங்கள். சாலையில் வேண்டாம்.